மாநிலப் பூச்சி எது? தமிழ் மறவன் மட்டும் போதுமா, மலைத்தேனீக்கும் ஓர் அரசாணை வேண்டுமா?

கரிசல்வெளி (ராஜபாளையம்) எழுதியது:

2019 ஜூனில் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்து அரசாணை வந்தது. மகாராஷ்டிரம், உத்தராகண்ட், கர்நாடகம், கேரளத்துக்கு அடுத்து ஐந்தாவதாக நாம். அந்தத் தேர்வை இப்போது திரும்பப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

மாநில விலங்கான வரையாட்டைப் பாருங்கள். 2022 டிசம்பரில் 25.14 கோடி ரூபாயில் தனித் திட்டம் அறிவித்தார்கள். அக்டோபர் 7 வரையாடு தினம் ஆனது. ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் 2024இல் 1,031, 2025இல் 1,303 என்று எண்ணிக்கை வெளியானது. மாநில மரமான பனைக்கு 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் விதைகள் கொடுப்பதாகச் சொன்னார்கள், வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றார்கள். ஒரு சின்னம் என்றால் அதன் பின்னால் இப்படி ஒரு வேலை வரவேண்டும். தமிழ் மறவன் பெயரில் என் கண்ணில் பட்டதெல்லாம் சுவர் ஓவியமும் பொது அறிவு வினாவிடையும்தான்.

அது மேற்குத்தொடர்ச்சி மலைக்காட்டின் பூச்சி. ராமநாதபுரம், நாகப்பட்டினம், சென்னை, கடலூர்ப் பிள்ளைகள் தங்கள் ஊரில் அதைப் பார்க்கவே வாய்ப்பில்லை. ஆனால் மலைத்தேனீயைப் பாருங்கள். ஆலமரக் கிளை, கோயில் கோபுரம், குடிநீர்த் தொட்டியின் அடிவயிறு, ஆஸ்பத்திரி மாடி என்று மாநிலம் முழுக்க அடை கட்டுகிறது. தென்னையிலிருந்து சூரியகாந்தி வரை மகரந்தம் சுமக்கிறது. நாம் அதற்குச் செய்யும் கைம்மாறு, ராத்திரியில் தீப்பந்தம். ஒரு அடையைக் கொளுத்தினால் ஆயிரக்கணக்கில் கருகி விழும், காலையில் கூட்டி அள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். கேட்க ஆளில்லை.

எனவே என் கேள்வி: தமிழ் மறவனுக்குப் பதிலாக மலைத்தேனீயை மாநிலப் பூச்சியாக்கக் கோரலாமா?

சிறுவாணிக்கரை (கோவை) எழுதியது:

அண்ணா, தேனீ மீது உங்களுக்கு உள்ள அக்கறையில் எனக்கு ஒரு துளி மாறுபாடும் இல்லை. 'பதிலாக' என்கிற சொல்லை மட்டும் ஏற்க முடியவில்லை.

ஊரெல்லாம் தெரிவதுதான் தகுதி என்றால் முதலில் வரையாட்டை நீக்க வேண்டும். அதையும் நாகப்பட்டினத்துப் பிள்ளை பார்த்ததில்லை. மாநிலப் பறவையான மரகதப்புறாவை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நம் மண்ணில் அரிதாக, நம் பொறுப்பில் இருக்கிற ஓர் உயிரைச் சின்னம் ஆக்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கும் இருப்பது நாம் சொல்லாவிட்டாலும் இருக்கும். இதற்கு நாம் விட்டால் வேறு நாதி கிடையாது.

2019இல் கடைசிச் சுற்றுக்கு வந்தவை இரண்டு. இரண்டுக்கும் ஆங்கிலப் பெயரிலேயே தமிழ் இருந்தது: தமிழ் யோமன் (இதுதான் தமிழ் மறவன்), தமிழ் லேஸ்விங். வனத்துறையும் ஆர்வலர்களும் கூடிப் பேசித்தான் யோமனை எடுத்தார்கள். பெயர் ஒரு காரணம், அது கூட்டமாகத் திரளும் இயல்பு இன்னொரு காரணம். ஆரஞ்சும் பழுப்பும் கலந்த சிறகு, ஓரத்தில் கரும்பட்டை. ஓடைக்கரை ஈரமண்ணில் கூட்டமாக இறங்கி உப்பு உறிஞ்சும்போது தரை முழுக்க அதே நிறமாகிவிடும்.

இதன் புழு தின்பது நீரடிமுத்து மர இலையை. ஆமாம், பழைய வைத்தியத்தில் தொழுநோய்க்கு எண்ணெய் எடுத்தார்களே, அதே மரம். 1940களில் சல்போன் மருந்துகள் வரும்வரை உலகம் முழுக்க அந்நோய்க்கு இந்த இனத்து எண்ணெயைத்தான் நம்பியிருந்தார்கள். ஹவாயில் ஆலிஸ் பால் என்கிற இளம் வேதியியலாளர் அதை ஊசியில் போடத்தக்க மருந்தாக மாற்றியது 1915 வாக்கில். அப்பேர்ப்பட்ட மரம் இன்று ஓடைக்கரைகளில் ஒதுங்கி நிற்கிறது. வேலை வரவில்லை என்கிறீர்கள், சரி. வேலையைக் கேட்போம். நீரடிமுத்து நடச் சொல்லிக் கேட்போம். பூச்சியை ஏன் மாற்றவேண்டும்?

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி) எழுதியது:

நான் விவசாயி. என் ஓட்டு முசிறுக்கு.

மாமரத்துல முசிறு கூடு இருந்தா அந்த மரத்துப் பக்கம் மத்த பூச்சி வர யோசிக்கும். இலையை இலையோட இழுத்துப் பிடிச்சு, தன்னோட புழுவையே நூல் கட்டையா வாயில கவ்விக்கிட்டு, அது விடற பட்டு நூலால தைக்கும். சீனாவுல ஆரஞ்சுத் தோட்டத்துக்கு இந்த எறும்புக் கூட்டை வாங்கிக் கட்டி வைக்கிற வழக்கம் ஆயிரத்து அறுநூறு வருசத்துக்கு மேல இருக்குன்னு படிச்சிருக்கேன். நம்ம ஊருல மருந்தடிச்சு முதல்ல கொல்றதே இதைத்தான். காய் பறிக்க ஏறுறவனைக் கடிக்குதுங்கறது காரணம்.

நன்மை செய்யற பூச்சின்னு ஒண்ணு இருக்குங்கறதே எங்க பக்கம் இளவட்டத்துக்குத் தெரியாமப் போச்சு. பூச்சின்னா மருந்து, மருந்துன்னா கடை. அதை மாத்த ஒரு சின்னம் உதவும்னா, வயல்ல நிக்கிற பூச்சியா இருக்கணும். முருங்கைக்கு மூங்கில் வண்டு வரலேன்னா காய் பிடிக்காது, அதையும் யோசிங்க.

காவிரிக்கரை டீச்சர் (தஞ்சாவூர்) எழுதியது:

பள்ளியில் தேசிய பசுமைப்படை பார்க்கிறேன், அந்த இடத்திலிருந்து பேசுகிறேன்.

பிள்ளைகளிடம் எந்தப் பூச்சி பிடிக்கும் என்று கேட்டால் தட்டான், பொன்வண்டு, மின்மினி இந்த மூன்றும்தான் வரும். சிலர் முதல் மழைக்கு மண்ணிலிருந்து வரும் சிவப்பு வெல்வெட் பட்டுப்பூச்சியைச் சொல்வார்கள். அதற்கு எட்டுக் கால், சிலந்திக்கு உறவு, பூச்சி இனமே இல்லை என்று சொன்னால் முகம் வாடிவிடும்.

தட்டானுக்காக நான் கொஞ்சம் பேசியாக வேண்டும். ஐப்பசியில் வயலுக்கு மேல் பறக்கிறதே மஞ்சள் தட்டான், அது சாதாரணப் பூச்சி இல்லை. அந்த இனம் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகிறது என்று 2009இல் சார்லஸ் ஆண்டர்சன் எழுதினார். நாலு தலைமுறை சேர்ந்து முடிக்கிற பயணம். கொசுப்புழுவையும் கொசுவையும் தின்கிறது. டெல்டாவுக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சி உண்டா?

மலைத்தேனீ விஷயத்தில் ஒரு தயக்கம். அது கொட்டி மனிதர்கள் இறந்த செய்தி அவ்வப்போது வருகிறது. வெடிச் சத்தம், புகை, கல்லெறி ஏதோ ஒன்றில் கலைந்துவிடும். பெற்றோரிடம் போய் 'இதுதான் நம் மாநிலப் பூச்சி, காப்பாற்றுங்கள்' என்று எப்படிச் சொல்வது?

குமரித்தேன் (மார்த்தாண்டம் பக்கம்) எழுதியது:

தேனீ என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன், எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பெட்டி வைக்கிறோம்.

தமிழ்நாட்டில் தேனீ என்றால் ஒன்று அல்ல. பாறையிலும் உயர்ந்த கட்டடத்திலும் ஒற்றை அடை கட்டுவது மலைத்தேனீ. சிறு கிளையில் கைப்பிடியளவு கட்டுவது கொம்புத்தேனீ. பொந்துக்குள் அடுக்கடுக்காகக் கட்டுவது அடுக்குத்தேனீ. கொடுக்கில்லாத கொசுத்தேனீ சுவர் இடுக்கில் இருக்கும். இவற்றில் மனிதனோடு பெருமளவில் குடித்தனம் நடத்தியது அடுக்குத்தேனீதான். 1910களில் திருச்சிப் பக்கம் பாதிரியார் நியூட்டன் அதன் அளவுக்கு ஒரு பெட்டி செய்தார், இன்றும் நியூட்டன் பெட்டி என்றுதான் பெயர். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. மையம் கிராமத்துக்காரர்களுக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது. நிலமில்லாத குடும்பங்கள்கூட நாலு பெட்டி வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தன.

எங்கள் பக்கம் தேன் வருவது பெரும்பாலும் ரப்பரிலிருந்து. பூவிலிருந்து அல்ல. இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பு நுனியில் தேன் சுரக்கும், அதைத் தேனீ எடுக்கும். மாசி, பங்குனியில் பெட்டி நிரம்பி வழியும்.

1991, 92இல் நோய் வந்தது. தாய் சேக்புரூடு என்ற வைரஸ். புழு அறைக்குள்ளேயே தண்ணீர்ப் பை மாதிரி ஊதிச் சாகும். தென்னிந்தியாவில் பத்துக் கூட்டில் ஒன்பதுக்கு மேல் போயிற்று. எங்கள் பக்கம் தெருத்தெருவாகக் காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள், விறகுக்கு எரித்தவர்களும் உண்டு. பிழைத்த சில கூடுகளிலிருந்துதான் மெல்ல மெல்ல மீண்டும் பெருகியது. காட்டுப் பொந்துகளில் தானாகப் பிழைத்த கூடுகள் இல்லாவிட்டால் இந்தத் தொழிலே முடிந்திருக்கும்.

இத்தனையும் பட்டது அடுக்குத்தேனீ. சின்னம் என்றால் அதற்குத்தான்.

அட்லாண்டிக்கரை (நியூ ஜெர்சி) எழுதியது:

இங்கே அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மாநிலப் பூச்சி உண்டு. கரிசல்வெளி கேட்ட 'மாற்றலாமா' என்ற கேள்வி பக்கத்து மாநிலமான நியூயார்க்கில் சட்டமன்றம் வரை போயிருக்கிறது. அதை விரிவாகச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும்.

நியூயார்க் 1989இல் ஒன்பது புள்ளிப் பொறிவண்டை மாநிலப் பூச்சி ஆக்கியது. வயலில் அசுவினியைத் தின்று தீர்க்கும் உள்ளூர் வண்டு. அறிவித்த காலத்திலேயே அது அங்கே கண்ணில் படுவது நின்றுபோயிருந்தது. பூச்சிக்கட்டுப்பாட்டுக்காகக் கொண்டுவந்த வெளிநாட்டுப் பொறிவண்டுகள் பெருகியது முக்கியமான சந்தேகம். 'இல்லாத பூச்சிக்கு எதற்குச் சின்னம்' என்று கேள்வி வந்தது. 2006இல் அதை நீக்கிவிட்டு எளிதில் கிடைக்கும் இளஞ்சிவப்புப் பொறிவண்டை வைக்கும் மசோதா கீழவையில் நிறைவேறியது. மேலவையில் அது நகரவில்லை, எனவே பழைய சின்னமே நின்றது.

அதே காலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் பொதுமக்களைப் பொறிவண்டு தேடச் சொல்லி ஒரு திட்டம் நடத்தினார்கள். பிள்ளைகளும் முதியவர்களும் படம் எடுத்து அனுப்பினார்கள். 2011இல் லாங் ஐலண்டின் அமகன்செட் பகுதியில் ஒரு காய்கறிப் பண்ணையில் தன்னார்வலர்கள் அந்த ஒன்பது புள்ளி வண்டைக் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து எடுத்து வளர்த்துப் பெருக்கினார்கள். 'காணாமல் போன எங்கள் மாநிலப் பூச்சி' என்று சொல்லித்தான் மக்களைத் தேட வைத்தார்கள். மசோதா நிறைவேறியிருந்தால் அந்த உந்துதல் இருந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

இரண்டாவது செய்தி: ஜார்ஜியாவில் தேனீ மாநிலப் பூச்சி (1975), புலிவரி வண்ணத்துப்பூச்சி தனியாக மாநில வண்ணத்துப்பூச்சி (1988). ஒன்றை இறக்கித்தான் ஒன்றை ஏற்ற வேண்டும் என்று இல்லை.

மூன்றாவது, இங்கே பல மாநிலங்கள் சின்னமாக வைத்திருக்கும் தேனீ ஐரோப்பியக் குடியேறிகள் கப்பலில் கொண்டுவந்த இனம். உள்ளூர் வண்டுத்தேனீக்கள் அழிந்துகொண்டிருக்க, 'தேனீயைக் காப்போம்' என்று வருகிற பணமெல்லாம் அந்த வந்தேறிப் பெட்டித் தேனீக்குப் போகிறது என்ற வருத்தம் இங்குள்ள இயற்கை ஆர்வலர்களிடம் நிறைய உண்டு. நீங்கள் தேனீயைக் கேட்பதானால் எந்தத் தேனீ என்பதை அறிவியல் பெயரோடு கேளுங்கள். பென்சில்வேனியா 1974இல் மின்மினியை ஏற்றுக்கொண்டு, 1988இல் திரும்ப வந்து இன்ன இனம் என்று குறிப்பிட வேண்டியதாயிற்று.

கரிசல்வெளி எழுதியது:

அட்லாண்டிக்கரை, இதைத்தான் எதிர்பார்த்தேன், மிக்க நன்றி. நியூயார்க் கதையைப் படித்தபின் 'பதிலாக' என்பதை எடுத்துவிடுகிறேன். கோரிக்கை இனி இப்படி: தமிழ் மறவன் மாநில வண்ணத்துப்பூச்சியாகவே இருக்கட்டும், மாநிலப் பூச்சி என்று தனியாக ஒன்றை அறிவிக்க வேண்டும்.

டீச்சர் எழுப்பிய பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நம் மாநில மலர் செங்காந்தள். கிழங்கு முதல் விதை வரை கோல்கிசின் என்னும் நஞ்சு, உயிரையே எடுக்கும். ஆனாலும் அது நம் மலர். ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் விதைக்காகப் பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள், எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று பழகியிருக்கிறார்கள். ஆபத்தானது என்பதால் சின்னம் ஆகக்கூடாது என்ற விதியை நாம் எப்போதும் வைத்ததில்லை.

மலைத்தேனீ சும்மா இருக்கிறவரை வந்து கொட்டுவதில்லை. அடையைக் கலைத்தால்தான் கொட்டும். ஒன்று கொட்டியதும் அந்த இடத்திலிருந்து ஒரு வாசனை கிளம்பும், அது மற்றவற்றை அழைத்துவரும். தேன்பருந்து வந்து அடையைக் கிழிக்கும்போது கீழே நிற்பவர்களும் மாட்டிக்கொள்வார்கள். இதெல்லாம் சொல்லிக்கொடுக்கக் கூடிய விஷயம். இன்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அதனால்தான் பிள்ளை கல்லெறிகிறான், பெரியவர் தீ வைக்கிறார்.

கோத்தகிரி மழை (நீலகிரி) எழுதியது:

தேன் எடுக்கும் பழங்குடி மக்களோடு நெடுங்காலமாக வேலை செய்கிறேன். அவர்கள் இந்த இழையில் வந்து எழுத மாட்டார்கள், அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

இங்கே குறும்பர், இருளர், காட்டுநாயக்கர், சத்தியமங்கலம் பக்கம் சோளகர், இவர்கள் எல்லோருக்கும் மலைத்தேன் எடுப்பது பரம்பரைத் தொழில். சித்திரை முதல் ஆனி வரைதான் முக்கியப் பருவம். காட்டுக்கொடியை முறுக்கி ஏணி கட்டிச் செங்குத்துப் பாறையில் இறங்குவார்கள். ஏணியைப் பிடிப்பவர் நம்பிக்கையான உறவாக இருக்க வேண்டும், பல ஊர்களில் மைத்துனர்தான் பிடிப்பார். இறங்கும்முன் விரதம், பாட்டு. ஒரு பாறையில் உள்ள எல்லா அடையையும் எடுக்க மாட்டார்கள், சிலவற்றை விட்டுவைப்பார்கள். பச்சை இலையும் தழையும் சேர்த்துக் கட்டிப் புகை போடுவார்கள், அடையைக் கொளுத்த மாட்டார்கள்.

மலைத்தேனீ நிரந்தரமாக ஓரிடத்தில் இருப்பதும் இல்லை. பூப்பருவத்தை ஒட்டி மலைக்கும் சமவெளிக்கும் இடம் மாறும். உங்கள் குடிநீர்த் தொட்டியில் கட்டிய கூட்டம் சில மாதத்தில் தானே கிளம்பிப் போகும். அதுவரை பொறுத்திருந்தால் போதும். அவசரப்பட்டுக் கொளுத்துகிறார்கள். சமவெளியில் கொளுத்தினால் அடுத்த பருவத்தில் பாறையில் அடை குறையும், தேனெடுக்கும் குடும்பத்தின் வருமானம் குறையும். மாவட்ட எல்லை தேனீக்குத் தெரியாது.

குமரித்தேன் அண்ணனின் அடுக்குத்தேனீ மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அதற்குப் பெட்டி வைக்கும் மனிதர் ஒருவராவது காவல் இருக்கிறார். வாரியம், பயிற்சி, மானியம் என்று ஏதோ ஒன்று இருக்கிறது. மலைத்தேனீ வீடு கட்டினால் நாம் தீயணைப்பு வண்டியைத்தான் கூப்பிடுகிறோம்.

வன்னிமேட்டான் (வவுனியா) எழுதியது:

வணக்கம். நீங்கள் கதைக்கிற தமிழ் மறவன் எங்கட நாட்டிலயும் இருக்கு. இலங்கையிலயும் இந்தியாவின்ர தெற்கிலயும் மட்டும்தான் அந்த இனம். ஆனா இலங்கையின்ர தேசிய வண்ணத்துப்பூச்சி வேற, இங்க மட்டுமே இருக்கிற பெரிய மஞ்சள் சிறகுக்காரி, ட்ரோய்டிஸ் டார்சியஸ். அதின்ர புழு ஆடுதின்னாப்பாளைக் குடும்பத்துக் கொடியிலதான் வளரும். சிறுவாணிக்கரை அக்கா சொன்ன நீரடிமுத்துக் கதைதான் இங்கயும். கொடியை நட்டாத்தான் பூச்சி, இல்லாட்டி படம் மட்டும்தான் மிஞ்சும்.

மலைத்தேனீ இங்க காட்டில நிறைய. எங்கட ஆக்கள் பெருந்தேனீ எண்டு சொல்லுவினம். சிகிரியாக் குன்றில கூடு கட்டி, சில நேரம் கலைஞ்சு பார்க்க வந்த சனத்தைக் கொட்டிப்போடும். அதுக்காக அங்க கம்பி வலை அடிச்ச ஒதுங்கிடம் கட்டி வச்சிருக்கினம், சத்தம் போடாதேங்கோ எண்டு பலகை போட்டிருக்கினம். தேனீயும் இருக்கு, சனமும் ஏறுது. டீச்சரம்மா கேட்ட கேள்விக்கு இது ஒரு வழி.

காவிரிக்கரை டீச்சர் எழுதியது:

சிகிரியா பற்றிச் சொன்னதற்கு நன்றி தம்பி. அதுமாதிரி ஒரு ஏற்பாடு இங்கே இருந்தால் பெற்றோரிடம் நான் தைரியமாகப் பேசுவேன்.

பிள்ளைகளுக்கு மலைத்தேனீயைக் காட்டுவதில் ஒரு நல்ல வசதியும் இருக்கிறது. குளவி அருகில் வந்தால் அடை முழுக்க ஓர் அலை ஓடும். ஆயிரக்கணக்கான தேனீக்கள் வரிசையாக வயிற்றைத் தூக்கி இறக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்புத் துணியில் காற்று அடிப்பது போலத் தெரியும். பைனாகுலர் வைத்து எட்டத்தில் நின்று காட்டலாம். தமிழ் மறவனைக் காட்ட நான் பேருந்து பிடித்து மலைக்கு அழைத்துப் போக வேண்டும், அதற்கு அனுமதி வாங்குவதே பெரும்பாடு.

தட்டானை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆனால் தட்டானை யாரும் கொளுத்துவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். குளம் குட்டையைக் காப்பாற்றினால் அது பிழைத்துக்கொள்ளும்.

மாந்தோப்பு எழுதியது:

யாரும் முசிறைப் பத்திப் பேசலை. பரவாயில்லை. ஆனா ஒண்ணு. மலைத்தேனீயை வச்சாலும் மருந்தடிக்கிற நேரத்தைப் பத்தி அந்தக் கோரிக்கையில ஒரு வரி வேணும். பூ விட்ட மாமரத்துல காலைல பத்து மணிக்கு மருந்தடிச்சா வர்ற தேனீ அத்தனையும் செத்து விழும். சாயங்காலம் தேனீ கூட்டுக்குப் போன பிறகு அடிச்சா பாதிச் சேதம் குறையும். பூத்திருக்கும்போது அடிக்காமலே இருந்தா இன்னும் நல்லது. வேளாண்மைத் துறைக்காரங்க இதைச் சொல்லத்தான் செய்யறாங்க, யாரும் காதுல வாங்கறதில்ல. மாநிலப் பூச்சின்னு ஒரு பேரு இருந்தா கூட்டத்துல எந்திரிச்சுப் பேச எனக்கு ஒரு பிடி கிடைக்கும்.

சிறுவாணிக்கரை எழுதியது:

மின்மினிக்காக ஒருவரும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 2022இல் ஆனைமலைப் புலிகள் காப்பகம் உலாந்திப் பகுதியில் லட்சக்கணக்கில் ஒரே தாளத்தில் அணைந்து எரிந்ததை வனத்துறையே பதிவு செய்தது. அதைக் காக்கக் காட்டோர விளக்கைக் குறைத்தாலே பெரும் உதவி. இருந்தாலும் மின்மினியில் எத்தனையோ இனம், எந்த இனம் என்று குறிப்பதற்கு இன்னும் ஆய்வு வேண்டும். அதனால் இப்போதைக்கு மலைத்தேனீக்கே நானும் கை தூக்குகிறேன்.

சமவெளிக்கு ஒரு வண்ணத்துப்பூச்சி வேண்டும் என்று தனிச்செய்தியில் ஒருவர் வெந்தய வரியனைச் சொன்னார். எருக்கஞ்செடி இருக்கிற எல்லா ஊரிலும் இருக்கும், அழகுதான். ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது, ஆசியா முழுக்க இருக்கிறது. நம் பொறுப்பு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. இதே கேள்வியை மலைத்தேனீ மீதும் கேட்கலாம், அதுவும் தெற்கு, தென்கிழக்கு ஆசியா முழுக்க உண்டு. அங்கே என் பதில்: அதைத் தேடிப் பாறையில் இறங்குகிற மக்கள் இங்கே இருக்கிறார்கள், அதைக் கொளுத்துகிற பழக்கமும் இங்கே இருக்கிறது. இரண்டும் நம் பொறுப்பு.

கோரிக்கையில் நீரடிமுத்துக்கு ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். 2019 ஆணை ஆறு வருடத்துக்கு மேல் காத்திருக்கிறது. வனத்துறை நாற்றங்காலில் தேக்கும் சவுக்கும் வளர்க்கிற பாத்தியில் இதற்கும் இடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஓடைக்கரையில் நடவேண்டிய மரம், கண்ட இடத்தில் நட்டுப் படம் எடுத்துவிட்டுப் போனால் பயனில்லை என்பதையும் எழுதுங்கள்.

குமரித்தேன் எழுதியது:

கோத்தகிரிக்காரர் சொன்னதில் உண்மை இருக்கிறது. எங்கள் தேனீக்கு நாங்கள் இருக்கிறோம். இருந்தாலும் ஒரு பயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'மாநிலப் பூச்சி தேனீ' என்று பொதுவாக அறிவித்துவிட்டால் நாளைக்கு மானியத்தில் இத்தாலியத் தேனீப் பெட்டிகள்தான் வந்து இறங்கும். தேன் அதிகம் தரும், படத்தில் அழகாக இருக்கும். 1960களில் வடக்கே வேரூன்றிய இனம் அது. எங்கள் அடுக்குத்தேனீக்கு நோய் எங்கிருந்து எப்படி வரும் என்று 1991இல் பார்த்தவர்கள் நாங்கள், இன்னொரு இனத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து அடுக்குவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. எனவே எழுதுகிறவர் மலைத்தேனீயின் அறிவியல் பெயரை, ஏபிஸ் டோர்சாட்டா என்று தெளிவாக எழுதட்டும். பக்கத்திலேயே நாட்டுத் தேனீ இனங்கள் அனைத்தும் என்று சேர்க்கட்டும்.

மட்டுறுத்துநர் எழுதியது:

இழை நல்லமுறையில் போகிறது. குறிப்பிட்ட ஊரில் அடையை எரித்தவர்கள் என்று தனிநபர் பெயர், படம் போட்ட இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். கோரிக்கை வரைவை இங்கேயே பதியலாம்.

கரிசல்வெளி எழுதியது:

வரைவைப் போடுகிறேன். வனத்துறைக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் அனுப்ப வேண்டியது.

"மாநில வண்ணத்துப்பூச்சியாகத் தமிழ் மறவன் தொடர வேண்டும். அதன் புழு உண்ணும் நீரடிமுத்து மரத்தை மேற்குத்தொடர்ச்சி மலை மாவட்ட வனத்துறை நாற்றங்கால்களில் வளர்த்து, அது இயல்பாக வளரும் ஓடைக்கரைகளில் நட வேண்டும். அந்த வண்ணத்துப்பூச்சியின் கணக்கெடுப்பை ஆர்வலர் அமைப்புகளோடு சேர்ந்து ஆண்டுதோறும் நடத்தி முடிவை வெளியிட வேண்டும்.

இதனுடன் மலைத்தேனீயை, அதாவது ஏபிஸ் டோர்சாட்டா என்னும் இனத்தை, மாநிலப் பூச்சியாக அறிவிக்க வேண்டும். அறிவிக்கும் ஆணையிலேயே பின்வருவனவும் இடம்பெற வேண்டும். அரசுக் கட்டடம், குடிநீர்த் தொட்டி, கோயில், பாலம் ஆகியவற்றில் கட்டிய அடையைத் தீவைத்தோ நஞ்சடித்தோ அழிக்கக் கூடாது. மக்கள் நடமாட்டம் குறைந்த இடமானால் கூட்டம் தானே கிளம்பும்வரை கீழே தடுப்புக் கட்டி எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். பள்ளி, மருத்துவமனை போன்று காத்திருக்க முடியாத இடமானால் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு புகையிட்டு விலக்க வேண்டும். அந்தப் பயிற்சியைத் தீயணைப்புத் துறைக்கு அளிக்கும் பணியில் தேனெடுக்கும் பழங்குடியினரை ஊதியத்தோடு அமர்த்த வேண்டும். பூக்கும் பருவத்தில் மருந்தடிப்பதைத் தவிர்க்கவும், தவிர்க்க முடியாவிட்டால் மாலையில் அடிக்கவும் வேளாண்மைத் துறை ஊர்தோறும் அறிவுறுத்த வேண்டும். அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ ஆகிய நாட்டு இனங்கள் இருக்கும் பகுதியில் அரசு மானியம் அந்த இனங்களுக்கே முன்னுரிமை தர வேண்டும்."

திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

கோத்தகிரி மழை எழுதியது:

பழங்குடியினரை 'ஊதியத்தோடு' என்று போட்டதற்கு நன்றி. பயிற்சியை அந்தந்த ஊர்ப் பெரியவர்களின் சம்மதத்தோடு என்றும் சேருங்கள். தேனெடுக்கும் பருவத்தில் அவர்களைக் கூப்பிடக் கூடாது, சித்திரை முதல் ஆனி வரை அவர்களுக்கு வேறு வேலைக்கு நேரமில்லை. தை, மாசியில் வைத்தால் வருவார்கள். காட்டுக்குள் தேனெடுக்க அவர்களுக்கு உள்ள உரிமை 2006 வன உரிமைச் சட்டத்தில் இருக்கிறது, இந்த அறிவிப்பைக் காரணம் காட்டி அதைத் தடுக்கக் கூடாது என்றும் ஒரு வரி தேவை. அதைச் சேர்க்காமல் நான் கையெழுத்திட மாட்டேன்.

கரிசல்வெளி எழுதியது:

மூன்றையும் சேர்த்துவிட்டேன். வன உரிமை வரியை முதல் பத்திக்கே கொண்டுபோய்விட்டேன், அது பின்னால் இருந்தால் படிக்காமல் விட்டுவிடுவார்கள்.

காவிரிக்கரை டீச்சர் எழுதியது:

எங்கள் பள்ளிப் பசுமைப்படை சார்பில் கையெழுத்திடுகிறோம், தலைமையாசிரியர் ஒப்புதல் கிடைத்துவிட்டது. பள்ளிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியில் இப்போதும் ஓர் அடை இருக்கிறது. ஊராட்சித் தலைவரிடம் இந்த வரைவைக் காட்டி, அரையாண்டுத் தேர்வு முடியும்வரையாவது எரிக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறோம். கயிறு கட்டித் தடுக்கச் சம்மதித்திருக்கிறார். எச்சரிக்கைப் பலகைக்கு என்ன எழுதலாம், எத்தனை அடி தூரம் விடலாம் என்று கோத்தகிரி மழை சொன்னால் திங்கட்கிழமை எழுதி மாட்டிவிடுவோம்.